சுத்தமான தண்ணீர் எங்கே போகிறது? குழிக்குள் இறங்குவது யார்?

(கோபர்கைரனே வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் சங்க அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாக்கடை. மொழி, இனம், தேர்தல் என்று பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுக் கழிவு எங்கே போகிறது, அதைச் சுமப்பவன் யார், சுத்தமாகி வெளியே வரும் தண்ணீரை அனுபவிப்பவன் யார் என்ற மூன்று கேள்விகளுக்குள் முழு அரசியலும் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

நம் கோபர்கைரனேயில் கழியை ஒட்டி மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கும் மேல் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் திறன் கொண்டது. நம்மில் பலர் அந்தப் பக்கமாகப் போய் வருகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குக் கூடப் பதில் தெரியாது. நம் வரிப்பணத்தில் நடக்கும் காரியம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் இந்த மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே கட்டடங்கள் வருவதற்கு முன்னால் இருந்தவர்கள் ஆக்ரி மக்களும் கோளி மக்களும். நெல் வயல், உப்பளம், கழியில் மீன் என்பது அவர்கள் வாழ்க்கை. 1970ஆம் ஆண்டு சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டு, புதிய நகரத்துக்காக 95 கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. உரிய இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடினார்கள். தி.பா. பாட்டீல் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில் 1984 ஜனவரி 16, 17 தேதிகளில் உரண் பகுதியில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் உயிரிழந்தார்கள். எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தை வளர்த்த மனையாகத் திருப்பித் தரும் திட்டம் அந்த இரத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. 1992 ஜனவரி முதல் தேதி நவி மும்பை மாநகராட்சி பிறந்தது. 2004இல் தானேயிலிருந்து வாஷிக்கு ரயில் வந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இடம் போதாமல் நம் குடும்பங்கள் பல அந்த ரயிலைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தன. ஆகவே நாம் குடியிருக்கும் இடம் யாரோ இழந்த இடம். இதை மறந்துவிட்டு நம் உரிமையை மட்டும் பேசினால் அது நியாயமாகாது.

இனி அந்த நிலையத்துக்குள் போவோம்.

காலையில் நம் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், குளித்த தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் ஒன்றாகப் போகின்றன. மோர்பே அணையிலிருந்து வந்தாலும் சரி, எம்.ஐ.டி.சி. குழாயிலிருந்து வந்தாலும் சரி, வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பிப் போகிறது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தத் தண்ணீர் பாதாளக் குழாய் வழியாக ஒரு பெரிய கிணற்றுக்கு வந்து, அங்கிருந்து பம்பால் மேலே ஏற்றப்படுகிறது. முதலில் இரும்புச் சல்லடை. பிளாஸ்டிக் பை, கந்தல், குழந்தைகளின் டயாபர், மாதவிலக்குத் துணி என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டதெல்லாம் அங்கே சிக்கும். அடுத்தது மணலும் கல்லும் அடியில் தங்கும் தொட்டி. அதுவரை நடப்பது நம் வீட்டில் மாவு சலிக்கிற வேலைதான்.

உண்மையான வேலை அதற்குப் பிறகு. தண்ணீரில் கரைந்துபோன அழுக்கை எந்தச் சல்லடையாலும் பிடிக்க முடியாது. அதைப் பிடிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு அழுக்குதான் சோறு. ஆனால் சோறு மட்டும் போதாது, மூச்சு விடக் காற்றும் வேண்டும். பெரிய இயந்திரங்கள் தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதுகின்றன. தண்ணீர் உலைநீர் போலக் குமிழிடுகிறது. நுண்ணுயிர்கள் தின்று பெருகிக் கட்டி கட்டியாகச் சேருகின்றன. பிறகு காற்றை நிறுத்திவிட்டால் அவை சேறாக அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் இறுத்து எடுத்து, குளோரின் போட்டு வெளியே விடுகிறார்கள். கீழே தங்கிய சேற்றில் ஒரு பகுதி அடுத்த முறைக்கு உறைமோர் போல வைக்கப்படுகிறது. நம் நிலையத்தில் நிரப்புவது, காற்றூட்டுவது, படியவிடுவது, இறுப்பது எல்லாம் ஒரே தொட்டியில் முறை வைத்து நடக்கின்றன.

சேற்றையே மருந்தாக்கும் இந்த முறையை 1914ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் உலகம் முழுவதும் அதன் வழிதான் நடக்கிறது. ரயில்வேயில் வேலை செய்பவன் என்பதால் இன்னொரு உதாரணம் சொல்கிறேன். இப்போது ரயில் பெட்டிகளுக்கு அடியில் பயோ டாய்லெட் என்று பொருத்தியிருக்கிறார்களே, அதற்குள்ளும் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. அவை காற்று இல்லாமல் வாழும் வகை. இங்கே இருப்பவை காற்று கேட்கும் வகை. அந்தத் தொட்டி வருவதற்கு முன்னால் மலம் தண்டவாளத்தில் விழுந்தது. அதை ஒரு மனிதன் அள்ளினான். கருவி வந்தால் மனிதன் குனிய வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுத்தமானதா இல்லையா என்று எப்படி அளக்கிறார்கள்? ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதுதான் அளவு. பி.ஓ.டி. என்று அதற்குப் பெயர். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். இந்த முறையில் சரியாக நடத்தினால் அதைப் 10க்கும் கீழே கொண்டுவர முடியும். இது மீனவனுக்கு மிக முக்கியமான கணக்கு. அழுக்குத் தண்ணீர் அப்படியே கழியில் விழுந்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் கழித் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும். கோளிக்காரர் வலை வெறுமையாக வரும்.

இதோடு முடியவில்லை. நவி மும்பையில் பேலாப்பூர், சான்பாடா, நெரூள், வாஷி, கோபர்கைரனே, கன்சோலி, ஐரோலி என்று ஏழு இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. இவற்றில் கோபர்கைரனேயிலும் ஐரோலியிலும் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் கட்டப்பட்டது. நாளொன்றுக்குத் தலா 2 கோடி லிட்டர் திறன். மத்திய அரசின் அம்ருத் திட்டத்தின் கீழ் வந்தவை. தெளிந்த நீரை இன்னும் நுண்ணிதாக வடிகட்டி, தானே - பேலாப்பூர் சாலைப் பக்கத்துத் தொழிற்பேட்டைக்குக் கொடுப்பது நோக்கம். நம் சென்னையிலும் இப்படி உண்டு. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து, மணலி ஆலைகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புகிறார்கள்.

இதில் தவறென்ன என்று கேட்பீர்கள். தவறே இல்லை. ஆலைக்குக் குடிநீரைக் கொடுப்பதைவிடச் சுத்தம் செய்த சாக்கடை நீரைக் கொடுப்பது ஆயிரம் மடங்கு மேல். அணைத் தண்ணீர் மிச்சமாகும், குடிசைக் குழாயில் இன்னும் அரை மணி நேரம் தண்ணீர் வரலாம். எதையும் திட்டினால்தான் அரசியல் என்று நினைப்பவர்கள் சிலர் உண்டு. நமக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். கழிக்கு அக்கரையில் இருக்கும் மும்பையைப் பாருங்கள். எத்தனை பெரிய மாநகரம்! பெருமளவுக் கழிவை மேலோட்டமாகச் சலித்து, நீண்ட குழாய் போட்டுக் கடலுக்குள் விட்டுக் காலம் தள்ளியது. வொர்லி, பாந்த்ரா, மாலாட், காட்கோபர், தாராவி, பாண்டுப், வெர்சோவா என்று ஏழு புதிய நிலையங்களுக்கு 2023 ஜனவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். ஏழும் சேர்ந்து நாளொன்றுக்கு 246 கோடி லிட்டர். அதில் தாராவி நிலையம் மட்டும் 41.8 கோடி லிட்டர். இந்த விஷயத்தில் நவி மும்பை முந்திக்கொண்டது என்று ஒப்புக்கொள்வோம்.

ஆனால் பாராட்டு முடிந்த இடத்தில் கேள்வி தொடங்க வேண்டும்.

முதல் கேள்வி: நிலையத்துக்கு வந்து சேருவது யாருடைய கழிவு?

எவ்வளவு உயர்ந்த இயந்திரமாக இருந்தாலும், குழாய் வழியாக வந்து சேரும் கழிவைத்தான் அது சுத்தம் செய்யும். செக்டார்களில் இருக்கும் கட்டடங்களுக்குப் பாதாளக் குழாய் உண்டு. தொழிற்பேட்டையை ஒட்டியும் மலையடிவாரத்திலும் இருக்கும் குடிசைப் பகுதிகளின் கதை வேறு. பொதுக் கழிப்பறை, அதற்கு அடியில் செப்டிக் டேங்க், டேங்க் நிறைந்தால் நாலா, நாலா போய்ச் சேருவது கழி. பத்தடிச் சந்தில் வீட்டு வாசலையொட்டிச் சாக்கடை ஓடுகிறது. அதே சந்தில் குடிநீர்க் குழாயும் ஓடுகிறது. குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தால் போதும். மழைக்காலத்தில் குழந்தைக்குப் பேதி, பெரியவருக்கு மஞ்சள் காமாலை. அந்த மாதச் சம்பளம் டாக்டருக்குப் போகிறது. இரவில் கழிப்பறைக்குப் போக அஞ்சி, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நம் பெண்களைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? அவர்களே இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அது எம்.ஐ.டி.சி. நிலம், அனுமதி இல்லாத குடியிருப்பு, குழாய் போட முடியாது" என்பார்கள். சரி, அந்தக் குடியிருப்பில் இருப்பவன் எங்கே வேலை செய்கிறான்? சுத்தம் செய்த நீர் எந்த ஆலைகளுக்காக என்று கட்டினார்களோ, அந்த ஆலைகள் நிற்கும் தொழிற்பேட்டையில். ஆலைக்குக் குழாய் போட வழி இருக்கிறது. அந்த ஆலையில் எட்டு மணி நேரம் நிற்பவன் வீட்டுக்குக் குழாய் போட வழி இல்லையாம்! நிலத்தின் பத்திரத்தைப் பார்த்துவிட்டா காலரா வருகிறது? கழி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பூநாரைகள் வரட்டும், நம் பிள்ளைகளும் பார்க்கட்டும். ஆனால் நாலாவில் விழும் கழிவு அதே கழிக்குத்தான் போகிறது. குடிசைக்குக் குழாய் போடாமல் கழியைக் காப்பாற்ற முடியாது. ஏழைக்குச் செய்யும் தருமமாக இதைக் கேட்கவில்லை. போட்ட பணம் முழுப் பலன் தர வேண்டுமானால் செய்தே தீர வேண்டிய பாக்கி வேலை இது.

இரண்டாவது கேள்வி: குழாய் அடைத்துக்கொண்டால், டேங்க் நிறைந்துவிட்டால், உள்ளே இறங்குவது யார்?

இதைப் பேசத்தான் உண்மையில் வந்தேன். காலையில் நாக்காவில் வேலைக்கு நிற்கும் பையனிடம் ஒருவன் வருகிறான். "ஒரு மணி நேர வேலை, கையில் ஆயிரம் ரூபாய்" என்கிறான். எந்த வேலை என்று இடத்துக்குப் போன பிறகுதான் தெரியும். டேங்க் மூடியைத் திறந்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு கயிறு, ஒரு பக்கெட். வாடகை பாக்கி இருக்கிறது, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், பையன் இறங்கிவிடுகிறான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். மூடிக் கிடக்கும் குழியில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கின் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று பையன் நினைக்கும் அந்த நேரம்தான் சாவு அவன் தோளில் கை வைக்கும் நேரம். மீத்தேன் என்ற இன்னொரு வாயு தீப்பிடிக்கும். குழிக்குள் விளக்கோ தீக்குச்சியோ காட்டிப் பார்ப்பது மகா ஆபத்து. இவை போதாதென்று உள்ளே மூச்சுவிட ஆக்சிஜனும் இருக்காது. சேற்றைக் கிளறியதும் அடங்கிக் கிடந்த வாயு குபீரென்று கிளம்பும். இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். மேலே நிற்கும் அண்ணனோ நண்பனோ பதறிக்கொண்டு காப்பாற்ற இறங்குவான். அவனும் விழுவான். அதனால்தான் பத்திரிகையில் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று படிக்கிறோம். அன்புதான் இரண்டாவது ஆளைக் கொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக் குழிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். மாநகராட்சியும் கான்ட்ராக்டரும் மட்டுமல்ல, பணம் கொடுத்து ஆளை இறக்கும் ஹவுசிங் சொசைட்டியும் இதில் மாட்டும். 2014 மார்ச் 27ஆம் தேதி, துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20ஆம் தேதித் தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக முடமாகிவிட்டால் 20 லட்சம், மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல். அடைப்பு எடுக்கவும் டேங்க் சுத்தம் செய்யவும் இயந்திரத்தை அழைக்க 14420 என்ற தொலைபேசி எண்ணை 2020இல் மத்திய அரசு அறிவித்தது.

சட்டம் இவ்வளவு சொல்லியும் சாவு நிற்கவில்லை. ஏன்? இறந்தவனுக்குச் சீட்டு இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. அவன் வெளியூர்க்காரன். இரவோடு இரவாக ஒருவன் வந்து கையில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உடலை ஊருக்கு அனுப்பி வைத்துவிடுவான். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு 30 லட்சம் என்ற எண்ணே தெரியாது. ஆகவே சொல்கிறேன்: எழுதப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸில் புகாரைப் பதிவு செய்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். குழியில் இறங்கியபோது நடந்தது என்று அதில் எழுதப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊர்ப் பயணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். இந்த வேலைக்கு ஏன் எப்போதும் ஒரே சாதிகளின் பிள்ளைகள் போகிறார்கள்? நம் முன்னோர்களில் பலர் திருநெல்வேலியையும் சேலத்தையும் விட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறியது பஞ்சத்துக்காக மட்டுமல்ல. ஊரில் சாதி சுமத்திய வேலையிலிருந்து தப்பிக்கவும்தான். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்தும், அதே சாக்கடை அதே பிள்ளையைத் தேடி வருகிறது என்றால், நாம் வந்த பயணம் இன்னும் முடியவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் இதே பம்பாயில் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்டவர். சாதிதான் ஒருவனுடைய தொழிலைத் தீர்மானிக்கிறது என்ற ஏற்பாட்டை உடைக்காமல் விடுதலை இல்லை என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பிள்ளையைக் குழிக்கு அனுப்பினால் அந்த மாலைக்கு அர்த்தம் என்ன?

மூன்றாவது கேள்வி: இந்த வேலைகளைச் செய்பவனுக்கு என்ன நிலை?

கழிவுநீர்ப் பம்பு, குழாய் பராமரிப்பு, குப்பை, கூட்டுதல் என்று நகரத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலைகளில் பெரும்பகுதி கான்ட்ராக்டில் நடக்கிறது. கான்ட்ராக்டர் மாறுவான், பெயர்ப்பலகை மாறும், சட்டையின் நிறம் மாறும். வேலை செய்பவன் மட்டும் அதே ஆள். பத்து வருடம் உழைத்தாலும் அவன் நேற்று வந்தவன். கான்ட்ராக்டர் கூலியைத் தராமல் ஓடிவிட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் சீட்டு இல்லாதவன் எதைக் காட்டிக் கேட்பான்?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அண்ணாச்சி ஒருவர் கூட்டம் தொடங்கும் முன்பே என்னிடம் கேட்டார். நடக்கும் அண்ணாச்சி. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, நம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. கோபர்கைரனேயில் இத்தனை மாத்தாடித் தொழிலாளர் வீடுகள் எப்படி வந்தன? மூட்டை தூக்குபவனுக்கு முதலாளி யார் என்றே தெரியாத காலம் ஒன்று இருந்தது. இன்று ஒரு கடை, நாளை ஒரு கிடங்கு. அண்ணாசாகேப் பாட்டீல் அவர்களைத் திரட்டினார். 1969இல் மகாராஷ்டிரத்தில் மாத்தாடிச் சட்டம் வந்தது. கூலி வாரியம் வழியாகத்தான் வர வேண்டும், சேமநிதி உண்டு, விடுப்பு உண்டு என்றானது. மூட்டை தூக்கியவன் ஒரு பதிவேட்டில் பெயரானான். அந்தப் பெயர்தான் பிறகு வீடாகவும் ஆயிற்று.

இரண்டாவது, மும்பை மாநகராட்சியின் குப்பை கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். பெரும்பாலும் தலித் மக்கள். கச்ரா வாகதூக் ஷ்ரமிக் சங்கம் என்ற சங்கத்தில் திரண்டு வருடக்கணக்காக வழக்கு நடத்தினார்கள். கான்ட்ராக்ட் என்பது வெறும் போர்வை, உண்மையான முதலாளி மாநகராட்சிதான் என்பது அவர்கள் வாதம். 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் 2,700 பேரை நிரந்தரமாக்கும் உத்தரவை உறுதி செய்தது. அதில் பலருக்கு எழுத்துக் கூடத் தெரியாது. ஆனால் சங்கத்தின் சந்தா ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"நாம் பிழைக்க வந்தவர்கள், மராட்டியர் ஊரில் வம்பு எதற்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1960களின் கடைசியில் தென்னாட்டார் கடைகளும் ஓட்டல்களும் தாக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலாவில் ஓடும் கழிவு தமிழனுடையதா, மராட்டியனுடையதா, உத்தரப் பிரதேசக்காரனுடையதா என்று யாரால் பிரிக்க முடியும்? சாக்கடைக்கு மொழி இல்லை. கழி கெட்டால் முதலில் வயிறு காய்வது கோளிக்காரருக்கு. சந்தில் பேதி வந்தால் பக்கத்து வீட்டு மராட்டியப் பிள்ளைக்கும் வரும். குழியில் இறங்குபவர்களில் மராட்டியத் தலித்தும் இருக்கிறான், பீகாரியும் இருக்கிறான். இந்தக் கோரிக்கையைத் தமிழர் கோரிக்கையாகக் கொண்டுபோனால் தோற்போம். வார்டின் கோரிக்கையாக, மராட்டியில் எழுதி, கிராமத்துக் கோளி மக்களையும் பக்கத்துச் சாலிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனால் ஜெயிப்போம்.

கடைசியாக, இன்று எழுந்து போகும் முன் நாம் முடிவு செய்ய வேண்டிய நான்கு வேலைகள்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு சந்திலும் இரண்டு பெண்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். நம் சந்தின் கழிவு குழாய்க்குப் போகிறதா, டேங்குக்குப் போகிறதா, நேராக நாலாவுக்கா? எத்தனை வீட்டுக்கு எத்தனை கக்கூஸ்? டேங்க் கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டது, வண்டி வந்ததா, ஆள் இறங்கினானா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். இதைப் பெண்களிடம் கொடுப்பதற்குக் காரணம், இந்த விவரம் முழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, மனு. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி மாநகராட்சியிடம் கேட்போம். பாதாளக் குழாய் சேராத பகுதிகள் எவை? அவற்றுக்குத் திட்டம் உண்டா, எந்த ஆண்டுக்குள்? மூன்றாம் கட்டம் சுத்தம் செய்த நீர் நாளொன்றுக்கு எவ்வளவு விற்கப்படுகிறது, என்ன விலைக்கு, அந்தப் பணம் எந்தக் கணக்கில் சேருகிறது? அடைப்பு எடுக்கும் இயந்திரங்கள் எத்தனை? கான்ட்ராக்டில் வேலை செய்வோரின் எண்ணிக்கை என்ன? பதில் வந்ததும் இதே இதழில் அச்சிடுவோம். தண்ணீர் விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் குடிசைப் பகுதிக் குழாய்க்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்போம். நம் கழிவும் சேர்ந்தால்தானே நாளை விற்பதற்கு இன்னும் தண்ணீர் கிடைக்கும்!

மூன்றாவது, பதிவு. துப்புரவு, குழாய், பம்பு வேலையில் இருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொருவரும் பெயர், கான்ட்ராக்டர் பெயர், வேலையில் சேர்ந்த தேதி, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றைச் சங்கத்தில் கொடுங்கள். எண் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுவோம். அதுவே ஒரு சாட்சி. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் போட்டோ, எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். மனு எழுதுவது, பாரம் நிரப்புவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள்.

நான்காவது, கட்டுப்பாடு. நம் குடும்பத்துப் பிள்ளை எவனும், எவ்வளவு காசு கொடுத்தாலும், மேன்ஹோலுக்குள்ளோ டேங்குக்குள்ளோ இறங்குவதில்லை. யாராவது ஆள் தேடி நாக்காவுக்கு வந்தால், "வண்டியைக் கூப்பிடு, 14420" என்று சொல்லுங்கள். உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புப் படைக்கு 101இல் சொல்லுங்கள், மேலே நின்று கூட்டத்தை விலக்குங்கள், கயிறு இடுப்பில் இருந்தால் வெளியிலிருந்து இழுங்கள். அன்றைய கூலி போய்விட்டதே என்று எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ, அந்த வீட்டுக்கு அரிசி கொடுக்கச் சங்கத்தில் தனியாக ஒரு நிதி வைப்போம். வேண்டாம் என்று வெறும் வாயால் சொன்னால் பசி கேட்காது. மாதம் இருபது ரூபாய் வீதம் நாம் போட்டால் அந்தத் தடையைக் காப்பாற்ற முடியும். இன்றைக்கே உண்டியலைத் தொடங்குகிறோம். என் பங்கை முதலில் போடுகிறேன்.

மலத்தைத் தின்று தண்ணீராக்க நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அடைப்பை உறிஞ்ச இயந்திரம் இருக்கிறது. இவ்வளவும் இருக்கும் நகரத்தில் மனிதனை இறக்குவதற்கு ஒரே காரணம், இயந்திரத்தைவிட அவன் மலிவாகக் கிடைக்கிறான் என்பதுதான். நம் பிள்ளைகளை அந்த விலைக்குக் கிடைக்காதவர்களாக ஆக்குவதுதான் நம் முன்னால் இருக்கும் வேலை.

உண்டியல் மேசை மேல் இருக்கிறது. கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்கும் தாய்மார்கள் வலது பக்கம் வாருங்கள்.